செங்கலடிப் பக்கத்துச் சொந்தங்களிடம் கேட்டு எழுதுவோம்

பதுளையிலிருந்து இறங்கும் பெருவீதி செங்கலடியில்தான் போய் முடிகிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையை விட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினர் மட்டக்களப்பு மாவட்டத்திலும் குடியேறினார்கள். தேயிலையில் வளர்ந்த அந்த மூத்தவர்கள் வருஷா வருஷம் குறைந்து வருகிறார்கள். உறவு பார்க்கப் போகிறவர்கள் ஒரு கொப்பியும் கொண்டு போங்கள்.

“அந்தக் காலம் எப்படி ஆச்சி?” என்று கேட்டால், “கஷ்டந்தான் புள்ள” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேலையைக் கேளுங்கள். பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீங்க? கொழுந்து குறைஞ்சா அரைப்பேரா? கைப்பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் யார் பார்த்தா? தராசில் எத்தனை றாத்தல் கழிச்சாங்க? 1973, 1974 பஞ்சத்தில் அடுப்பில் என்ன வெந்தது? கடைசிக் கேள்விக்குச் சிலர் அழுவார்கள். அவசரப்படுத்த வேண்டாம்.

வருஷம் நினைவில்லையா? 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததற்கு முன்னா, பின்னா என்று கேட்டால் பிடிபடும். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள். நம் புத்தகத் தமிழுக்கு மாற்றினால் பாதி போய்விடும்.

பழைய பத்திரங்களைக் காட்டினால் அங்கேயே பார்த்து எழுதிவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, ஒரு காகிதத்துக்காக எத்தனையோ கந்தோர் ஏறி இறங்கிய சனம் அது.