அனுமதிப் பட்டியலில் வேலை கிடைக்குமா?

கம்பத்தில் கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வீடு கட்ட அனுமதி வாங்கியவர்களின் பட்டியலை வைத்து வேலை பிடிக்க முடியுமா? – வாசகர், கம்பம்

முடியும், வேகமாகப் போனால். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்றிதழ் முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி பெறுகிறார்கள். நீங்கள் விசாரித்துப் போவதற்குள் வானம் தோண்டியிருப்பார்கள்!

கம்பம், சின்னமனூர், போடி நகராட்சிகளில் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, அனுமதிப் பட்டியல் கேட்டு மனுப் போடலாம். பதில் தர 30 நாள் கெடு. பெயரும் போன் நம்பரும் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்கலாம். தெரு, வார்டு, பரப்பளவு, அனுமதித் தேதி போதும்.

பட்டியல் கைக்கு வருவதற்குள் கொத்தனார் முடிவாகியிருந்தாலும் வயரிங், டைல்ஸ், பெயின்ட் வேலைகள் மிச்சமிருக்கும். பட்டியல் அதற்குத்தான் கைகொடுக்கும். முழு வீட்டு வேலையும் வேண்டுமென்றால், பிளான் போட்டுத்தரும் பதிவுபெற்ற இன்ஜினீயர்களிடம் பழகுங்கள். அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே வீட்டுக்காரர் அவர்களிடம்தான் வருவார்.