மழை காத்த நகரம்: பேர்கன் துறைமுகத்திற்கு ஒரு கல்விச் சுற்றுலா



சுற்றுலா என்றதும் வெயிலும் நீலக்கடலும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. மழை பெய்தால் பயணமே பாழாயிற்று என்று மனம் சோர்கின்றோம். ஆனால் உலகில் சில நகரங்கள் மழையோடு பிறந்து மழையோடு வாழ்பவை. அவற்றை மழையிலே காண்பதுதான் முறை. நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் அத்தகைய நகரம். கடந்த கோடை விடுமுறையில் எமது ஏழாம் வகுப்பு மாணவர்களும் பெற்றோர் சிலரும் ஒஸ்லோவிலிருந்து அந்நகருக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும் கற்றவற்றையும் ஒரு பாடமாக இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

மலை கடந்த பயணம்

ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குப் புகையிரதத்தில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் செல்லும். இப்பாதை 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வழியிலுள்ள பின்சே நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1222 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. கோடையிலும் அங்கே பனித்திட்டுகளைக் கண்டோம். ஒஸ்லோவில் நாம் ஏறியபோது வானம் தெளிவாக இருந்தது. மலையைக் கடந்து மேற்கே இறங்கத் தொடங்கியதும் சாளரக் கண்ணாடியில் துளிகள் விழுந்தன. பேர்கனை அடைந்தபோது நல்ல மழை. ஒரு தாயார், "குடை கொண்டுவந்தது நல்லதாய்ப் போயிற்று" என்றார். சிறிது நேரத்தில் கடற்காற்று அக்குடையை மடக்கிவிட்டது. அவ்வூர் மக்களோ மழை அங்கி அணிந்து, எவ்விதப் பரபரப்புமின்றி நடந்து சென்றனர். கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, பொருந்தாத உடைதான் உண்டு என்பது நோர்வே மக்கள் அடிக்கடி கூறும் மொழி.

இத்தனை மழை ஏன்?

பேர்கனில் ஆண்டொன்றுக்கு 2250 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்கின்றது. ஒஸ்லோவிலோ ஏறத்தாழ 800 மில்லிமீற்றர்தான். 2006 ஒக்டோபர் 29 முதல் 2007 ஜனவரி 21 வரை, தொடர்ச்சியாக 85 நாட்கள் ஒரு நாளும் தவறாமல் பேர்கனில் மழை பெய்தது.

இதற்குக் காரணம் என்ன? அத்திலாந்திக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டம் நோர்வேயின் கரையை ஒட்டிச் செல்கின்றது. அதன் மேலாக வரும் மேற்குக் காற்று ஈரப்பதனை நிறைய ஏந்தி வருகின்றது. பேர்கனைச் சுற்றி ஏழு மலைகள் இருப்பதாகக் கூறுவர். அவற்றுள் உயர்ந்தது உல்ரிக்கன். அதன் உயரம் 643 மீற்றர். ஈரக்காற்று இம்மலைகளில் மோதி மேலெழுகின்றது, மேலெழுந்ததும் குளிர்கின்றது, குளிர்ந்ததும் நீராவி ஒடுங்கி மழையாகப் பொழிகின்றது. மலைகளைத் தாண்டிக் கிழக்கே செல்லும் காற்றில் ஈரம் குறைந்துவிடுவதால் ஒஸ்லோவில் மழை குறைவு.

பெற்றோர்களே, இது நமக்குப் புதிய செய்தி அன்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் பெருமழை தருவதும், மறுபுறத்தில் கோயம்புத்தூர் மழை மறைவில் இருப்பதும் இதே விதியினால்தான். அதே வெப்ப நீரோட்டம் காரணமாகவே இத்தனை வடக்கே இருந்தும் பேர்கன் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. மழையைத் தந்த கடலே வணிகத்தையும் தந்தது.

கருவாட்டால் எழுந்த நகரம்

1070ஆம் ஆண்டளவில் ஊலாவ் கீர என்னும் மன்னன் பேர்கனை நிறுவினான் என்பது மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது நோர்வே மன்னரின் தலையாய இருக்கையாக விளங்கியது. ஹோகுன் ஹோகுன்சன் என்னும் மன்னன் தன் மைந்தனின் திருமணத்திற்கென அமைத்த கல் மண்டபம் 1261இல் நிறைவுற்றது. அது இன்றும் துறைமுக வாயிலில் நிற்கின்றது. 1944 ஏப்ரல் 20 அன்று வெடிமருந்து ஏற்றிய கப்பலொன்று துறைமுகத்தில் வெடித்தபோது அம்மண்டபம் பெரிதும் சிதைந்தது. பின்னர் அதனைத் திருத்தியமைத்து 1961இல் மீண்டும் திறந்தனர்.

துறைமுகத்தின் ஒரு கரையில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமான மரவீடுகள் வரிசையாக நிற்கின்றன. இதுவே பிரிக்கன். ஏறத்தாழ 1360 முதல் 1754 வரை, ஹன்சா எனப்பட்ட ஜேர்மன் வணிகர் கூட்டமைப்பின் அலுவலகம் இங்கே இயங்கியது. வடக்கேயுள்ள லொபோத்தன் தீவுகளில் பிடிபடும் கொட் மீனை உப்பிடாமல், மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்துவர். நம் நாட்டுக் கருவாட்டுக்கு உப்பு வேண்டும்; இதற்குக் காற்று ஒன்றே போதும். இம்மீன் ஆண்டுக்கணக்காகக் கெடாது. இதனைத் தந்து தானியத்தை வாங்கியது நோர்வே. வடபுலத்து மீனவர் முன்கூட்டியே தானியத்தைக் கடனாகப் பெற்று, மீனால் அதனை அடைத்தனர். ஒரு வணிகருக்குக் கடன்பட்டவர் எளிதில் வேறொருவரிடம் செல்ல முடியாது. வடக்கின் மீன் தொழிற்சாலைகளில் எம்மவர் பலர் பணியாற்றிய காலத்தை அறிந்த பெற்றோர், இப்பகுதியைக் கேட்டபோது தமக்குள் தலையசைத்துக்கொண்டனர்.

பிரிக்கனில் வாழ்ந்தோர் அனைவரும் ஆண்கள். ஊர்ப் பெண்களை மணம் செய்வது அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. தொழில் பழக வந்த சிறுவர்களும் அங்கே தங்கினர். தீவிபத்துக்கு அஞ்சி மரவீடுகளில் நெருப்பு மூட்டுவதில்லை. மழையில் நனைந்து குளிரில் நடுங்கிய அவர்கள், தனியாக அமைந்த பொதுக்கூடங்களிலேயே குளிர்காய்ந்து உணவுண்டு கல்வி கற்றனர். எம் மாணவர் அக்கூடத்தின் நீண்ட வாங்குகளில் அமர்ந்து பார்த்தனர். பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்து வந்த சிறுவரும் இத்தகைய வாங்குகளில்தான் அமர்ந்திருப்பர்.

தீ தந்த செல்வம்

இத்தனை எச்சரிக்கையிருந்தும் பிரிக்கன் பலமுறை எரிந்தது. 1702இல் நிகழ்ந்த பெருந்தீக்குப் பின் பழைய முறையிலேயே மீண்டும் கட்டினர். 1955 ஜூலையில் மற்றுமொரு தீ, எஞ்சியிருந்த கட்டடங்களில் ஒரு பகுதியை அழித்தது. பழைய மரவீடுகளை முற்றாக இடித்துவிடலாம் என்று அப்போது பலர் கூறினர். ஆயினும் அவை காக்கப்பட்டன. 1979இல் யுனெஸ்கோ பிரிக்கனை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. இன்று 62 கட்டடங்கள் எஞ்சியுள்ளன.

எரிந்த நிலத்தை அஸ்பியோர்ன் ஹெர்தெய்க் என்னும் அறிஞர் தலைமையில் அகழ்ந்தனர். அங்கே ரூன் எழுத்துப் பொறித்த மரக்குச்சிகளும் எலும்புகளுமாக ஏறத்தாழ 670 பொருட்கள் கிடைத்தன. ரூன் என்பது வடபுல மக்களின் பண்டைய எழுத்து. மரத்தின் நார் வாக்கில் கோடு இழுத்தால் தெளிவாகத் தெரியாது என்பதால், அவ்வெழுத்தில் கிடைக்கோடுகளைத் தவிர்த்தனர். நம் எழுத்து ஓலையில் எழுதப்பட்டமையால் வளைந்த வடிவம் பெற்றது என அறிஞர் கூறுவதை இதனோடு ஒப்பிடுக.

அக்குச்சிகளில் என்ன எழுதியிருந்தது? மன்னரின் புகழ் மாத்திரமன்று. இம்மூட்டை இன்னாருடையது என்னும் அடையாளம், வணிகக் கடிதம், காதல் மொழி, பிரார்த்தனை, கேலிப்பேச்சு ஆகிய யாவும் இருந்தன. வீட்டுக்கு வரும்படி ஒரு பெண் அனுப்பிய செய்தியும் அவற்றுள் ஒன்று. ரூன் எழுத்து வெகுகாலம் முன்னரே வழக்கொழிந்தது என்று எண்ணியிருந்த அறிஞர்கள், பதினான்காம் நூற்றாண்டிலும் சாதாரண மக்கள் அதனை அன்றாடம் பயன்படுத்தினர் என்பதை அப்போது அறிந்தனர்.

மாணவர்களே, இதனைக் கேட்டதும் உங்களுக்குக் கொடுமணலும் கீழடியும் நினைவுக்கு வரவேண்டும். அங்கே கிடைத்த பானையோடுகளிலும் சாதாரண மக்கள் தம் பெயர்களைத் தமிழ் எழுத்திற் கீறியுள்ளனர். எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள குசேர் அல்-கதீம் என்னும் பழைய துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. துறைமுகம் எங்கிருந்தாலும் வணிகர் தம் பொருள்மீது தம் எழுத்தைப் பொறித்தனர்.

மழை குறைந்தபோது

மரக்குச்சி எழுநூறு ஆண்டுகள் உக்காமல் இருந்தது எவ்வாறு? விடை மழையில் உள்ளது. நிலம் எப்போதும் நீரில் ஊறியிருந்தமையால் மண்ணுக்குள் ஒட்சிசன் புகவில்லை. ஒட்சிசன் இல்லாவிடின் மரத்தை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பெருகா. மழையே எழுத்தைக் காத்தது.

பின்னர் எரிந்த நிலத்தில் ஒரு புதிய கட்டடம் எழுந்தது. அதன் அடித்தள வேலைகளால் அயலில் நிலத்தடி நீர் வடிந்து போயிற்று. மண்ணுக்குள் காற்றுப் புகுந்தது. புதைந்திருந்த மரங்கள் உக்கத் தொடங்கின. மேலே நின்ற பழைய வீடுகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. நிபுணர்கள் ஆராய்ந்து, மழைநீரைக் குழாய்வழி கடலுக்கு விடாமல் மண்ணுக்குள்ளேயே இறங்கச் செய்யும் வழிகளை அமைத்தனர். நிலத்தடி நீர் மீண்டும் உயர்ந்தது. எல்லோரும் சலித்துக்கொள்ளும் மழைதான் அந்நகரின் வேரைப் பிடித்து நிற்கின்றது.

ஒரு பதிவேட்டின் கதை

பேர்கனில் தொழுநோயாளருக்கான பழைய மருத்துவமனை ஒன்று நூதனசாலையாக உள்ளது. 1856இல் நோர்வே தொழுநோயாளர் அனைவரையும் பதிவு செய்யும் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதை ஆராய அது பேருதவி புரிந்தது. 1873இல் அர்மவுவர் ஹன்சன் என்னும் மருத்துவர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் ஒரு பெண் நோயாளியின் சம்மதமின்றி அவர்மீது பரிசோதனை செய்தமைக்காக 1880இல் நீதிமன்றம் ஹன்சனை மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. பெரும் அறிஞரும் எளிய நோயாளியின் உரிமையை மீறலாகாது என்பது அத்தீர்ப்பின் பொருள். நகரின் தொழுநோய் ஆவணங்களை யுனெஸ்கோ 2001இல் உலக நினைவேட்டில் சேர்த்தது.

நாம் கற்றது

ரூன் குச்சிகளின் முன்னால் நின்ற ஒரு மாணவன், "இதை இப்ப ஆர் வாசிப்பினம்?" என்று என்னிடம் கேட்டான். ஒரு சில அறிஞர்கள் மாத்திரமே என்றேன். "நோர்வேப் பிள்ளைகளுக்கும் தெரியாதா?" என்றான். தெரியாது என்றேன். அவன் மேலும் ஒன்றும் கேட்கவில்லை.

சில கிழமைகளின் பின் அவனுடைய தாயார் என்னைச் சந்தித்தார். போர்க்காலத்தில் அவருடைய அன்னையார் ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டியில் இருக்கின்றனவாம். வீடு திரும்பிய மகன், "அம்மம்மாவின்ர கடிதத்தைக் காட்டுங்கோ" என்று கேட்டானாம். அச்செழுத்தை வாசிக்கப் பழகியவனுக்குக் கையெழுத்துப் புரியவில்லை. "நலம், நலமறிய ஆவல்" என்னும் முதல் வரிக்கே வெகுநேரம் எடுத்ததாம். இப்போது சனிக்கிழமைதோறும் இருவரும் ஒரு கடிதம் வாசிக்கின்றனர் என்று தாயார் கூறினார்.

நோர்வே வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. டென்மார்க்கின் ஆட்சிக்காலத்தில் நோர்வே மக்களின் எழுத்துமொழி மறைந்து டேனிஷ் மொழி அவ்விடத்தைப் பிடித்தது. ஆனால் வீடுகளிலும் வயல்களிலும் மக்கள் தம் வட்டார மொழிகளை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈவார் ஓசன் என்பவர் ஊர் ஊராகச் சென்று அவற்றைத் தொகுத்து, புதிய எழுத்துமொழி ஒன்றை ஆக்கினார். வீட்டில் பேச்சு இருந்தமையாலேயே அது கைகூடியது.

பெற்றோர்களே, வாரத்தில் ஒரு நாள் பாடசாலை தரும் தமிழ் ஒரு துளி மழை. அது நிலத்தில் இறங்க வேண்டுமானால் வீட்டில் ஈரம் இருக்க வேண்டும். மாணவர்களே, பெரிய நூல்கள் எழுத வேண்டும் என்பதில்லை. கடைக்குப் போகும் பட்டியலையும் அப்பாவுக்கு ஒரு குறிப்பையும் தமிழில் எழுதுங்கள். பேர்கனில் எழுத்து வாழ்ந்ததும் அத்தகைய சிறு குறிப்புகளில்தான்.

அருஞ்சொற்பொருள்

ஈரப்பதன்: காற்றிலுள்ள நீராவி
ஒடுங்குதல்: நீராவி குளிர்ந்து நீராதல்
அகழ்தல்: தோண்டுதல்
வாங்கு: நீண்ட இருக்கை
உக்குதல்: மக்கிப்போதல்
வழக்கொழிதல்: பயன்பாட்டிலிருந்து மறைதல்

பயிற்சி வினாக்கள்

1. ஒஸ்லோவைவிடப் பேர்கனில் மழை அதிகமாகப் பெய்வதற்கான காரணங்களை விளக்குக.
2. பிரிக்கனின் மரவீடுகளில் நெருப்பு மூட்டாமைக்குக் காரணம் யாது?
3. ரூன் பொறித்த குச்சிகளையும் தமிழ்ப் பெயர் பொறித்த பானையோடுகளையும் ஒப்பிட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதுக.
4. "மழையே எழுத்தைக் காத்தது." இக்கூற்றின் பொருளை விளக்குக.
5. உங்கள் வீட்டிலுள்ள பழைய தமிழ்க் கடிதம் ஒன்றைப் பெற்றோருடன் வாசித்து, அதில் அறிந்த புதிய சொற்களைக் குறித்து வருக.