வைக்கோற்போர் நாயும் பெல்ஃபுளோர் சீமாட்டியும்

வைக்கோற்போரிற் படுத்த நாய் தானும் தின்னாது, தின்ன வந்த மாட்டையும் விடாது என்பது நம் உழவர் வாயிற் பயிலும் பழமொழி. ஸ்பெயின் தேயத்தார் இதனைத் தோட்டக்காரன் நாயின்மேல் ஏற்றிக் கூறுவர். அந்நாய் காப்பது கோசுப் பாத்தியை. அத்தொடரையே தலைப்பாகக்கொண்டு லோபே தெ வேகா (1562–1635) என்னும் புலவர் இயற்றிய இன்பியல் நாடகம் 1618-இல் அச்சேறிற்று. பிலார் மிரோ என்னும் அம்மையார் அதனை 1996-இல் பேசும்படமாக்கினார். ஸ்பெயின் நாட்டுக் கோயாப் பரிசுகளுள் ஏழு அப்படத்திற்குக் கிடைத்தன. 1997-இல் அம்மையார் காலமாயினார். மூல நாடகம் முற்றும் செய்யுளால் ஆயது. அச்செய்யுளை உரைநடையாக உடைக்காமல் அவ்வாறே நடிகர்தம் வாயிற் பேசவைத்தும் மக்கள் அதனை விரும்பிக் கண்டனர் என்பது, காரிகையை நெட்டுருச் செய்து நொந்த எம்மனோர்க்குப் பெரியதோர் ஆறுதல்.

தமிழ் மாணவர் இப்படத்தை ஆராயப் புகுதற்குக் காரணம் யாதெனின், தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதற்கண் வைத்தது. அவ்வியலே தலைவன் தலைவியர்க்கு இன்றியமையாத பத்து ஒப்புக்களை எண்ணுங்கால் பிறப்பை முதற்கண் வைத்தது. ஓரியலுள் முதன்மை பெற்ற இவ்விரண்டும் தம்முள் மாறுகொள்ளின் எது வெல்லும்? தொல்காப்பியர்க்கு இவ்வினாவை எழுப்பவேண்டிய தேவை நேர்ந்திலது. லோபேயின் நாடகமோ இவ்வினாவின்மேலேயே நடக்கின்றது.

கதை நிகழிடம், அக்காலத்து ஸ்பெயின் மன்னர் ஆட்சிக்குட்பட்டிருந்த நேப்பிள்ஸ் நகரம். பெல்ஃபுளோர்ச் சீமாட்டி தியானா இளையள், செல்வம் மிக்காள், தன்னை வேண்டி நிற்கும் பிரபுக்களை ஒரு பொருட்டாக மதியாதவள். ஓரிரவில் தன் மாளிகையினின்றும் ஆடவன் ஒருவன் தப்பியோடக் கண்டு வெகுண்டு பணிப்பெண்களை வினவுகின்றாள். ஓடியவன் தன் காரியதரிசி தியோதோரோ என்றும், அவன் நாடி வந்தது மார்சேலா என்னும் பணிப்பெண்ணை என்றும் அறிகின்றாள். அறிந்த அளவிலே காரியதரிசியின்மேல் அவளுக்குக் காதல் பிறக்கின்றது. பிறர் பெற்ற பொருள் என்பதே அதற்கு வித்து. அவள் தானும் அவனைக் கொள்ளாள், குலம் தடுக்கும். மார்சேலாவையும் கொள்ளவிடாள், பொறாமை தடுக்கும். வைக்கோற்போர் நாயின் நிலை இதுவே.

இனி, அவள் தன் உள்ளத்தைப் புலப்படுத்தும் வழிகள் மிக நயமுடையன. தோழியொருத்திக்காக எழுதியதாகச் சொல்லித் தன் காதற்பாட்டை அவன் கையிற் கொடுத்து, இதனினும் நன்றாக ஒன்று எழுதித் தருக என்கின்றாள். தடுக்கி வீழ்ந்ததுபோல் வீழ்ந்து அவன் கைகொடுக்கச் செய்கின்றாள். அவன் துணிவு பெற்று ஒருபடி ஏறின், 'நீ யார், நான் யார்' என்று தள்ளிவிடுகின்றாள். அவன் மனம் வெறுத்து மார்சேலாவிடம் மீண்டால் இவளுக்குச் சினம் மூள்கின்றது. ஒருகால் அவன் மூக்கிற் குருதி சொரிய அறைந்துவிட்டுப் பின்னர் அக்குருதி தோய்ந்த கைக்குட்டையைத் தானே வாங்கிக்கொண்டு, புதுக்கைக்குட்டைகளுக்கென ஈராயிரம் பொன் ஈகின்றாள்! எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன் என்பர் தொல்காப்பியர். இவ்வொரு காட்சியில் நான்கனையும் காணலாம். எவரும் கோமாளித்தனம் செய்யாமலே நாம் நகைக்கின்றோம். நெஞ்சும் நெறிமுறையும் ஒருத்தியை இருபுறமும் இழுத்தலின் அந்நகை தோன்றுகின்றது.

கோமாளியும் ஒருவன் உளன். அவன் தியோதோரோவின் பணியாள் திரிஸ்தான். நம் வடார்க்காட்டுத் தெருக்கூத்திற் கட்டியக்காரனைக் கண்டு வளர்ந்தோர்க்கு இவன் அயலான் அல்லன். அரசன் முன்னின்று அரசனையே பகடி செய்யும் உரிமை அவனுக்கு உண்டன்றோ? இவன் அதனினும் ஒருபடி மேற்சென்று பிரபு குலத்தையே பகடி செய்கின்றான். லுதோவிக்கோ என்னும் முதிய பிரபு இருபதாண்டுகட்கு முன்னர் ஒரு புதல்வனைக் கடற்கொள்ளையில் இழந்தவர். அப்புதல்வன் பெயரும் தியோதோரோவே. திரிஸ்தான் கிரேக்க வணிகனாக வேடமிட்டு வந்து, காணாமற்போன மைந்தன் இவனே என்று ஒரு கதை கட்டுகின்றான். கிழவர் ஆனந்தக்கண்ணீர் வடித்து ஏற்றுக்கொள்கின்றார். நேற்றுவரை எழுதுகோல் ஏந்தி நின்றவன் இன்று பிரபு குமாரன்! முகமும் அறிவும் குணமும் நேற்றிருந்தனவே. மாறியது ஒரு பெயர்ப்பட்டி, அதுவும் பொய்.

ஆங்கில அடியெழுத்துக்களின் துணைகொண்டு இப்படத்தை விடுதியிற் கண்ட யாம் பலரும் இவ்விடத்திற் கைகொட்டி நகைத்தோம். நகையாதிருந்தோரும் சிலர் உளர். காரணம் ஊகித்தல் அரிதன்று. வேலூரினின்றும் ஆம்பூர், வாணியம்பாடி செல்லும் சாலையின் இருமருங்கும் தோல் பதனிடும் தொழில் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் எத்துணை! முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையை இந்நாளிற் பெரும்பாலும் குரோமிய உப்பு செய்கின்றது. சுண்ணாம்புக் குழியில் இறங்கினவன் மகன் என்னும் சொல் மட்டும் மாறவில்லை. ஆம்பூர்ப் பாதரட்சை ஐரோப்பாவிற்குச் சென்று எவருடைய அடியையும் அணிசெய்யும். அதற்குத் தோல் பதப்படுத்திய கையினன் வீட்டிற் பெண் கொடுப்பதெனின், பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த பிள்ளையாயினும், 'எந்த வீடு?' என்னும் வினாவே முன்னிற்கும். ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பகிரும் நம்மவரிடையேயும் சம்பந்தம் பேசுங்கால் இவ்வினா எழாமல் இல்லை. நேப்பிள்ஸ் நகரத்துப் பொய்ப்பட்டி அவர்கட்கு முற்றும் விளையாட்டாகத் தோன்றாமை வியப்பன்று.

குலவேற்றுமையை வேடத்தால் கடக்கும் கதை தமிழ்ப் பேசும்படத்தார்க்கும் புதிதன்று. 1943-இல் ஜெமினி நிலையத்தினின்றும் வந்த 'மங்கம்மா சபதம்' அத்தகையது. எஸ். எஸ். வாசன் தயாரிக்க, ஆச்சார்யா இயக்கினார். வசுந்தரா தேவி மங்கம்மாவாகவும், ரஞ்சன் தந்தையும் மகனுமாகவும் நடித்தனர். இளவரசன் ஒருவன் செருக்கினால் எளிய குடிப்பெண்ணை மணந்து, தனிமையிற் சிறைவைப்பதாகச் சூள் உரைக்கின்றான். அவள், உனக்கே மகனைப் பெற்று அவன் கையாலேயே உன்னைச் சாட்டையால் அடிப்பிப்பேன் என்று எதிர்ச்சூள் உரைத்து, ஆடல்மகளாய் வேடம் பூண்டு அவனை மயக்கி அவ்வாறே முடிக்கின்றாள். இதன்கண் நகையினும் வெகுளி மிக்கு நிற்கின்றது. மென்மையில் லோபேக்கு இஃது ஒப்பாகாது. ஆயினும் ஒன்று. மங்கம்மா காரியம் முடிந்ததும் வேடத்தைக் களைந்து, தன் பெயரும் தன் பிறப்பும் தோன்ற நின்று வழக்காடினாள். தியோதோரோ வேடத்தோடே மணவறை புகுந்தான்.

புகுமுன் அவன் தியானாவிடம் உண்மையை ஒளியாமல் உரைத்தான் என்பதையும் சொல்லவேண்டும். அவன் தன் தாழ்ந்த பிறப்பைக் கூறி ஸ்பெயினுக்குச் சென்றுவிட விடை கேட்கின்றான். தியானா கலங்கினாளல்லள். ஊரார் நம்பினாற் போதும், நான் உன்னையே விரும்பினேன் என்னும் கருத்துப்பட விடையிறுத்து, மறை வெளிப்படாதிருக்கத் திரிஸ்தானைக் கிணற்றில் தள்ளிவிடலாமோ என்றும் வினவுகின்றாள்! அவன் அலறுகின்றான். இதனால் அவள் உள்ளத்திற் பிறப்பொப்பு வீழ்ந்தது. ஊரார் கண்ணில் அது வீழாமல் நின்றது. நாடக முடிவில் தியோதோரோ அவையினரை நோக்கி, இம்மறையை எவர்க்கும் வெளியிடாதீர் என்று இரக்கின்றான். பார்த்திருந்த நாமும் அப்பொய்க்கு உடன்பட்டவராகின்றோம்.

எமக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. மைந்தன் மீண்டான் என்று மகிழும் முதியவர்க்கு உண்மையை உரைப்பார் ஒருவரும் இலர். மார்சேலாவை ஃபாபியோ என்னும் பணியாளனுக்குக் கொடுத்து ஓரடியில் முடித்துவிடுகின்றனர். சீமாட்டியின் கலக்கத்திற்கு மூன்று அங்கம் வகுத்த புலவர், முதலிற் காதலித்தவளை அவள் விருப்பம் யாதென்று வினவ ஓரடியும் செலவிட்டிலர்.