அச்சம் பிறக்கும் இடம்: மாணாக்கர் திகிற்படம் ஆக்குமாறு

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்க நூல் பற்றியோ இலக்கணம் பற்றியோ யான் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவன் கமெராவைப் பற்றி எழுதப் புகுவது பழைய மாணவர் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். சென்ற ஆண்டு எமது ஊடகக் கழகத்தின் பொறுப்பாசிரியர் மாற்றலாகிச் சென்றமையால் அப்பொறுப்பு என் தலைமேல் வீழ்ந்தது. ஆசிரியர் கலாசாலையில் யான் பெற்ற பயிற்சியில் இதற்கென ஒரு பாடமும் இருந்ததில்லை. ஆகவே மாணாக்கரோடு மாணாக்கனாய் இருந்து கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றேன். பிழை காணும் பழைய மாணவருள் இத்துறை வல்லார் இருப்பின் திருத்தி உதவுவாராக.

கழகத்து மாணாக்கர் எட்டு நிமிடத் திகிற்படம் ஒன்றை எடுத்தனர். இரவில் நூல்நிலையத்துள் அகப்பட்டுக்கொண்ட மாணவன் ஒருவனின் கதை அது. வெள்ளைச் சேலை உடுத்த உருவம் ஒன்று வந்தது. முகத்தின்கீழ் மின்சூள் பிடிக்கப்பட்டது. எங்கிருந்தோ எடுத்த பேரிசை தொடக்கம் முதல் முடிவு வரை முழங்கியது. இடையே பெரிய வெடியோசை ஒன்றும் கேட்டது. மண்டபத்தில் அதைக் காட்டியபோது கீழ்வகுப்புப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். படத்தை இயக்கிய உயர்தர வகுப்பு மாணவன் இரண்டு நாள் கல்லூரிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “ஏன் சேர் எல்லாரும் சிரிச்சவை?” என்று ஒரே கேள்வி கேட்டான். விடை எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாத ஒன்றை அறிய நான் செல்லும் இடம் ஒன்றே ஆதலின் தொல்காப்பியத்தை எடுத்தேன்.

அச்சம் என்னும் மெய்ப்பாடு நான்கு பொருள்களாற் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் கூறுவது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இன்று உலகெங்கும் எடுக்கப்படும் திகிற்படங்களை எண்ணிப் பார்ப்பின், பேய்ப்படமும், கொலைஞர் படமும், 1975 இல் வெளிவந்த ‘ஜோஸ்’ என்னும் சுறாமீன் படமும், அதிகாரத்துக்கு அஞ்சி ஒளிவார் கதையும் ஆகிய பெரும்பாலன இந்நான்கனுள் அடங்கிவிடும். எம் மாணாக்கர் தெரிந்தெடுத்தது அணங்கு. ஆகவே பொருளில் வழுவில்லை.

வழு வேறிடத்தில் இருந்தது. மெய்ப்பாடு ஒவ்வொன்றையும் உரையாசிரியர் நான்கு நிலையாகப் பகுத்துரைப்பர். முதலில் சுவைக்கப்படும் பொருள். அடுத்து அதனை உணரும் பொறியுணர்வு. பின்னர் உள்ளத்தே தோன்றும் குறிப்பு. ஈற்றில் உடம்பிற் புலப்படும் விறல். எம் மாணாக்கர் ஈற்றில் நிற்பதனை முதலில் வைத்துவிட்டனர். படம் தொடங்கி அரை நிமிடத்துள் நடிகன் நடுங்கினான், அலறினான், வியர்த்தான். அவன் எதைக் கண்டான், எதைக் கேட்டான், என்ன ஐயுற்றான் என்பன காண்போர்க்கு வழங்கப்படவில்லை. காரணம் அறியாது ஒருவன் நடுங்குவதைக் காணின் நகை பிறத்தல் இயல்பே. நடிகன் அஞ்சுதல் போதாது. இருக்கையில் இருப்பவன் அஞ்சுதல் வேண்டும்.

இதனை அல்பிரட் ஹிட்ச்கொக் என்னும் பேரியக்குநர் எளிய உவமையால் விளக்கியுள்ளார். 1962 இல் பிரெஞ்சு இயக்குநர் துரூபோவுடன் அவர் நிகழ்த்திய நெடிய உரையாடலில் அது வருகின்றது. மேசையொன்றின் இருபுறமும் இருவர் பேசிக்கொண்டிருக்கின்றனர். திடீரென மேசையின்கீழ் இருந்த குண்டு வெடிக்கின்றது. காண்போர்க்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டு அங்கு வைக்கப்பட்டதையும் அது வெடிக்கும் நேரத்தையும் முன்னரே காட்டி, சுவரில் ஒரு மணிக்கூட்டையும் காட்டிவிட்டால், அவ்விருவரின் அதே வெறும்பேச்சு பதினைந்து நிமிடப் பதைப்பாக மாறிவிடும். முன்னையது திடுக்கம், பின்னையது திகில். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த அன்றே எம் மாணாக்கர் கதையைத் திருத்தி எழுதத் தொடங்கினர். வெள்ளைச் சேலை நீங்கியது. நூல்நிலையத்துப் பின்கதவின் கொளுக்கி பழுதுற்றது என்பதைத் தொடக்கத்திலேயே காண்போர் அறிவர். உள்ளே இருப்பவன் அறியான். கதை இவ்வளவே ஆயிற்று.

இனிக் கமெரா. எம்மிடம் இருந்தது ஒரு கைத்தொலைபேசியும், இரவல் வாங்கிய முக்காலியும் ஆகும். இதற்குமேல் மாணாக்கர்க்கு வேண்டியதில்லை என்பது என் துணிபு. கைத்தொலைபேசி தானாகவே ஒளியைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் இயல்புடையது. நடிகன் இருளிலிருந்து சன்னலை நோக்கி நடக்கையில் படம் திடீரென வெளுத்துக் கறுக்கும். அதனால், எடுக்கத் தொடங்குமுன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவிடுதல் வேண்டும். மற்றொன்று மின்விளக்கின் துடிப்பு. எம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று உடையது ஆதலின், விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாது துடிக்கும். விநாடிக்கு 25 படமாகவும், ஒவ்வொரு படத்துக்கும் ஐம்பதில் ஒரு விநாடி ஒளிபடுமாறும் வைத்துக்கொண்டால் அத்துடிப்புத் திரையில் ஓடாது. இதனை அறியாது முதற்படத்தில் நாம் பட்ட பாடு பெரிது.

இருளைக் காட்டுவதற்கு இருளில் எடுத்தல் ஆகாது என்பது எனக்கு வியப்பளித்த பாடம். சிறிய கமெரா கும்மிருட்டில் எடுக்கும் படம் மணல் தூவியதுபோற் புள்ளியாய்க் கலங்கும். ஞாயிறு மறைந்தபின் கால் மணி நேரமளவு வானத்தில் நீலம் நிற்கும் அன்றோ? அப்பொழுது ஒளியளவைக் குறைத்து வைத்து, உள்ளே ஒரே ஒரு மின்குமிழை ஒருபுறமாக ஏற்றி எடுத்தால் நள்ளிரவாகவே தோன்றும். முகத்தின் ஒருபாதி தெரிந்து மறுபாதி மறைதல் வேண்டும். அந்தக் கால்மணி நேரம் மிகக் குறுகியது. நாளொன்றுக்கு மூன்று நான்கு துண்டுகளே எடுக்கலாயிற்று. பெற்றோர் சிலர் பிள்ளைகள் மாலை வகுப்பைத் தவறவிடுகின்றனர் என்று முறையிட்டதும் உண்டு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

கமெரா நிற்கும் இடமும் பொருளுடையது. பேசும் இருவரிடையே ஒரு கோடு உண்டெனக் கருதி, அக்கோட்டின் ஒருபுறத்திலேயே கமெரா நிற்றல் வேண்டும். தாண்டினால் ஒருவரையொருவர் நோக்கியவர் ஒரே திசை நோக்குவார்போல் ஆவர். 1949 இல் கரோல் ரீட் எடுத்த ‘மூன்றாம் மனிதன்’ படத்தில் கமெரா பலவிடங்களிற் சாய்ந்தே நிற்கும். போரினாற் சிதைந்த வியன்னா நகரில் நிலமே நம்பத்தக்கதன்று என்பது அதனாற் புலப்படும். மாணாக்கர் அதனைக் கண்டுவிட்டு எல்லாக் காட்சியையும் சாய்த்தே எடுக்க முற்பட்டனர். நூல்நிலையம் கடலிற் போகும் தோணிபோல் ஆயிற்று. ஒருமுறை மட்டும் சாய்த்தால் போதும் என்று தடுத்தேன்.

படத்தொகுப்பைப் பற்றிச் சொல்வார் ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் காட்சியை எடுத்துக்காட்டாமல் விடார். 1960 இல் வெளிவந்த அப்படத்தில் அக்கொலை ஏறத்தாழ முக்கால் நிமிடமே நிகழும்; அதனை எடுக்க ஏழு நாள் சென்றன. கத்தி உடலிற் பாய்வதாக நாம் கண்டோம் என்று எண்ணுவது பெரும்பாலும் நம் உள்ளம் இட்டு நிரப்பியதே. ஆயினும் இளைஞர் இதிலிருந்து தவறான பாடமே கற்கின்றனர் என்பேன். விரைந்து வெட்டுதலே திகில் என்று அவர்கள் மயங்குவர். அக்காட்சி விரைவது, அதற்குமுன் படம் நெடுநேரம் அமைதியாய் ஓடியமையால் அன்றோ?

விரைவின்றியும் உள்ளத்தை நடுக்கலாம் என்பதற்கு 1931 இல் பிரிட்ஸ் லாங் ஜெர்மனியில் எடுத்த ‘எம்’ என்னும் படம் சான்று. சிறுமி ஒருத்தி கொல்லப்படுகின்றாள், கொலை காட்டப்படுவதில்லை. தாய் அவளை அழைக்கின்றாள். ஆளற்ற மாடிப்படி, உணவிடாத வெறுந்தட்டு, புற்றரையில் உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியிற் சிக்கிய பலூன். இவற்றைச் சார்ந்து அழைப்புக் குரல் மட்டும் கேட்கின்றது. இதனை மாணாக்கர்க்குக் காட்டியபோது ஒருவரும் பேசவில்லை. ஒரு துண்டு தனித்து நின்று பொருள் தருவதில்லை, பக்கத்துத் துண்டினாலேயே பொருள் பெறுகின்றது என்று ரஷ்ய நாட்டுக் குலெஷோவ் சோதனையால் நிறுவியதும் இதுவே. ஒரே முகத்தைக் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பசியும், பிணப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் துயரும் அம்முகத்திற் காணப்படும். சொல் தொடரிற் பொருள் பெறுதலைப் போன்றது இது என்றதும் இலக்கணம் வெறுக்கும் மாணவனும் தலையசைத்தான்.

எல்லாவற்றினும் அரியது ஒலி. ‘எம்’ படத்துக் கொலைஞனை நாம் முதலில் அறிவது அவன் சீழ்க்கையடிக்கும் ஒரு மெட்டினால். பின்னர் அவனைக் காட்டிக்கொடுப்பதும் அம்மெட்டே. அதனைக் கேட்டு அறிபவன் கண்ணில்லாத பலூன் விற்பவன். ஒலிப்படம் தோன்றிச் சில ஆண்டுகளே சென்ற காலத்தில் இவ்வாறு எண்ணியது பெருந்திறன்.

கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி, அமைதி நேர்ந்தால் தன் செவியைத் தானே கூர்மையாக்கி இரைச்சலை உயர்த்திவிடும். பேசுவோர்க்கு அருகே, சட்டைப்பையிலோ மேசையிலோ மற்றொரு தொலைபேசியை வைத்துக் குரலைத் தனியே பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி, அத்தட்டலை அடையாளமாகக் கொண்டு படத்தோடு பொருத்துதலே வழி. ஒவ்வோர் இடத்திலும் ஒருவரும் பேசாது அரை நிமிடம் வெறுமையைப் பதிதல் வேண்டும். அமைதிக்கும் ஓர் ஒலி உண்டு; நூல்நிலையத்து அமைதி வேறு, மண்டபத்து அமைதி வேறு. அதனை அடியிற் பரப்பாது துண்டுகளை ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் காதிற் குத்தும். அடுத்த காட்சியின் ஒலியை அக்காட்சி வருமுன்னரே சிறிது கேட்பித்தலும் நல்ல உத்தி. ‘சைக்கோ’வின் கத்திக் குத்துக்கு ஒருவகை முலாம்பழத்தைக் குத்திப் பதிந்தனர். எம் மாணாக்கர் காவோலையை மிதித்துச் சருகில் நடக்கும் ஒலியைப் பெற்றனர்.

பின்னணி இசையைக் குறைக்கச் சொன்னபோது எதிர்ப்பு எழுந்தது. எஸ். பாலச்சந்தர் 1954 இல் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டே இல்லாத தமிழ்ப்படம் என்றதும் வியந்தனர். 1943 அக்டோபரில் சென்னைமீது யப்பானியர் குண்டு வீசிய காலத்துக் கொலையொன்றைத் துப்பறியும் கதை அது. அது கேட்ட இயக்குநன், “அப்ப எங்கட படத்திலயும் வெடிச்சத்தம் இருக்கலாம்தானே சேர்?” என்றான்.

அப்பொழுதுதான் யான் அதுவரை கூறாத ஒன்றைக் கூறினேன். முதற்படத்தில் வெடியோசை எழுந்தபோது மண்டபத்தின் பின்வரிசையில் இருந்த எமது ஆய்வுகூட உதவியாளர் எழுந்து வெளியே சென்றார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தமையால் அதனைக் கண்டிலர். அவர் திரும்பி வரவில்லை. போர் 2009 இல் முடிந்தபோது இம்மாணாக்கர் கைக்குழந்தைகள்; சிலர் பிறந்திருக்கவும் இல்லை. அவர்கட்கு அது வலைத்தளத்தில் இலவசமாய்க் கிடைத்த ஓர் ஓசை. சென்னைக் கதைக்குக் குண்டு கதையின் உள்ளுறுப்பு. எம் கதையிலோ அது ஒட்டவைத்த ஒன்று. நெடுநேரம் ஒருவரும் விடை கூறவில்லை. பின்னர் இயக்குநனே, “அப்ப சேருக்கு எந்தச் சத்தம் பயம்?” என்று கேட்டான்.

எண்ணிப் பார்த்தேன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மின்கலமும் அரிது. மிதிவண்டியைக் கவிழ்த்துச் சில்லைச் சுழற்றி டைனமோவினால் வானொலி கேட்ட காலம். இரவில் ஒழுங்கையில் டைனமோ இரைந்துவரும் ஓசை கேட்கும். வீட்டைக் கடந்து சென்றால் அமைதி. படலையருகே ஓசை தாழ்ந்து நின்றுவிட்டாலோ, வந்தவர் யார் என்று அறியும்வரை வீட்டில் ஒருவரும் மூச்சுவிடார்.

அதனைச் சொல்லி முடிக்குமுன் அவர்கள் எழுந்துவிட்டனர். டைனமோ சில்லில் உராய்ந்து சுழல்வது. விரைவு குறையக் குறைய ஒளியும் மங்கும், இரைச்சலும் தாழும், நின்றால் இரண்டும் ஒருங்கே அணையும். விளக்கும் ஒலியும் ஒரே கருவியில்! சன்னற் கம்பியினூடே ஒளி வந்து நூல்வரிசைமேல் ஓடி, மங்கி, அணைகின்றது, இரைச்சல் நிற்கின்றது, பின்கதவின் பழுதுற்ற கொளுக்கியைக் கமெரா பன்னிரண்டு விநாடி அசையாது நோக்குகின்றது. டைனமோ பூட்டிய பழைய மிதிவண்டிக்கு ஊரெல்லாம் அலைந்தோம். ஈற்றில் அது ஆய்வுகூட உதவியாளரின் வீட்டிலேயே இருந்தது. எதற்கு என்று அவர் கேட்டார். இயக்குநனே சென்று சொன்னான். முதற்படத்துக்காக அவரிடம் அவன் வேறு என்ன பேசினான் என்பதை யான் கேட்கவில்லை.

இரண்டாம் படம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பன்னிரண்டு விநாடியில் மண்டபத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. ஆய்வுகூட உதவியாளர் இறுதிவரை இருந்தார். வெளியே வந்தபோது மாணாக்கர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். “டைனமோச் சத்தம் சரி தம்பிமார். ஆனா ரயர் மணலில அரைபடுற சத்தம் காணேல்லை. எங்கட ஒழுங்கை எல்லாம் மணல்தானே” என்றார்.

மறுநாட் காலை, முதல்மணி அடிக்குமுன், விளையாட்டுத் திடலின் மூலையில் ஒருவன் மிதிவண்டியை உருட்ட மற்றொருவன் தொலைபேசியைச் சில்லருகே பிடித்துக்கொண்டு ஓடக் கண்டேன்.