பச்சை மிளகாய்க் காம்பும் இன்மைக் கருதுகோளும்

1. காம்பைக் கிள்ளி வைத்தால் பச்சை மிளகாய் அதிக நாள் கெடாது என்பார்கள். சோதிக்கும் முன், “கிள்ளினாலும் கிள்ளாவிட்டாலும் ஒன்றுதான்” என்று தாளில் எழுதுங்கள். இதுதான் இன்மைக் கருதுகோள். நாம் அசைத்துப் பார்க்கப்போவது இந்த வரியைத்தான்.

2. ஒரே கூறில் வாங்கிய எட்டு மிளகாய் போதும். எந்த நான்கைக் கிள்ளுவது என்று சீட்டுக் குலுக்குங்கள். கை போன போக்கில் எடுத்தால் நல்ல காய்களே ஒரு பக்கம் சேரும். ஒவ்வொன்றையும் தனிக் காகிதத்தில் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஒரே தட்டில் வையுங்கள். ஒன்றாகப் போட்டால் அழுகல் பக்கத்துக் காய்க்கும் தொற்றும், கணக்கு கெட்டுவிடும்.

3. கறுத்தால் கெட்டதா, கொழகொழத்தால் கெட்டதா? முன்பே எழுதிவிடுங்கள்.

4. முதலில் கெடும் நான்கைப் பாருங்கள். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டு. காம்புக்குப் பங்கே இல்லையென்றால், நான்கும் காம்புள்ளவையாக அமைய 70-ல் ஒரு வாய்ப்புதான்; சுமார் 1.4 சதவீதம். இதைத்தான் பி-மதிப்பு என்கிறார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் இருந்த ரொனால்ட் ஃபிஷர் இதே கணக்கைத் தேநீரில் போட்டார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்வேன் என்றார் அங்கே பணியாற்றிய பாசி ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டல். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில். 1935-ல் வெளிவந்த ஃபிஷரின் நூலில் இந்தச் சோதனை விரிவாக இருக்கிறது. இன்மைக் கருதுகோள் என்ற பெயரும் அதில்தான் அறிமுகமானது.

5. நான்கில் மூன்றுதான் காம்புள்ளவையா? மூன்றோ நான்கோ அமையும் வாய்ப்பு 70-ல் 17, அதாவது 24 சதவீதம். தற்செயலாகவே நடக்கக்கூடியது, கருதுகோளை மறுக்க முடியாது. அதற்காகக் கிள்ளுவது வீண் என்று நிரூபணமாகிவிடவில்லை. எட்டு மிளகாய் காட்டும் சான்று போதவில்லை, அவ்வளவே. படித்தவர்களும் சறுக்கும் இடம் இது.

6. 1.4 சதவீதம் என்பது கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு அல்ல. அதை உண்மை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

7. கருதுகோளை மறுக்கப் பி-மதிப்புக்கு 5 சதவீத எல்லை வைப்பது வழக்கம். முடிவைப் பார்த்தபின் அதை நகர்த்தாதீர்கள். பயனே இல்லாத 20 குறிப்புகளைச் சோதித்தாலும், சராசரியாக ஒன்று அந்த எல்லைக்குள் வந்து நிற்கும். ஆகவே ஜெயித்த குறிப்பை அடுத்த சந்தையில் வாங்கும் மிளகாயிலும் ஒருமுறை சோதியுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்.