தொண்டைமானாறு ஆறா, கடலா?

கேள்வி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறே இல்லை என்று மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறார்கள். "அப்ப தொண்டைமானாறு, உப்பாறு, வழுக்கையாறு எல்லாம் என்ன?" என்று கேட்கிறான். என்ன சொல்ல?
வாசகி, சண்டிலிப்பாய்

பதில்: ஆண்டு முழுதும் ஓடும் ஆறு நம்மிடம் இல்லைத்தான். நீங்கள் சொன்ன மூன்றில் வழுக்கையாறு மாரியில் ஓடும் ஆறு. மற்ற இரண்டும் கடனீரேரிகள்.

ஆற்று நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே திசையில் ஓடும். தொண்டைமானாற்றில் அப்படியில்லை. மாரியில் வடமராட்சிக் கடனீரேரியில் சேரும் வெள்ளம் செல்வச்சந்நிதிக்கு அருகால் கடலுக்குப் போகும். கோடையில் ஏரி வற்ற, கடல் உள்ளே வரப் பார்க்கும். உப்பு ஏற்றிச் செல்லக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் இது என்பது ஊர் வழக்கு. உப்பாறும் இதே இனம்; அதன் வாய் அரியாலைப் பக்கம். உவர்நீர் புகாமல் மறிக்க 1950களில் இரண்டு வாய்களிலும் கதவுகளோடு தடுப்பணை கட்டினார்கள்.

பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் இன்னும் தூரம் யோசித்தார். வன்னியில் பிறந்து இரணைமடு வழியாக வரும் கனகராயனாற்று நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் மறித்து, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிக்குக் கொண்டுவந்து, ஏரிகளையே நன்னீராக்கும் திட்டம். எழுபது ஆண்டாகியும் அது அரைகுறையாக நிற்பது நமக்குப் பெரிய இழப்பு.

உங்கள் ஊர் வழுக்கையாற்றுக்கு வருவோம். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைநீரைக் குளம் குளமாகத் தொட்டுக்கொண்டு, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வழியே சுமார் 15 கிலோமீற்றர் ஓடி அராலியில் கடலைச் சேர்கிறது. போகிற வழியில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் நீர்தான் கிணறுகளுக்குப் பெரும் உதவி. நிலத்தடியில் உவர்நீருக்கு மேலேதான் நம் நன்னீர் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் அடியில் உவர் எவ்வளவு ஏறும் என்று பாருங்கள்! ஆற்றை மறித்து மதில் எழுப்புவோரும் குப்பை கொட்டுவோரும் தங்கள் கிணற்றுக்கே கேடு செய்கிறார்கள்.

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மார்கழி நாளில் மகனை ஆற்றோடு அராலி வரை கூட்டிப் போங்கள். பிறகு கோடையில் ஒருமுறை தொண்டைமானாற்றுப் பாலத்தில் நிறுத்திக் காட்டுங்கள். வித்தியாசத்தை அவனே சொல்வான்.