குழியும் காணியும் – திருவக்கரையின் நில வரலாறு

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாற்றை அறியக் கோயிலையும் கோட்டையையும் நாடிச் செல்வது நம் வழக்கம். வயல் வரப்பும் ஓடைக்கரையும் எல்லைக்கல்லும்கூடப் படிக்கத்தக்க ஆவணங்களே. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையின் நிலம் காலந்தோறும் எவ்வாறு அளக்கப்பட்டது, எவ்வாறு பகுக்கப்பட்டது, அப்பகுப்பில் எது விடுபட்டுப்போனது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மண் வகுத்த எல்லை

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில், வானூர் வட்டத்தில், வராக நதி எனவும் சங்கராபரணி எனவும் வழங்கும் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது திருவக்கரை. ஆற்றை ஒட்டி நன்செய் வயல்கள். சற்று விலகி நடந்தால் சரளைக்கல் கலந்த செம்மண் மேடு. மனிதர் எல்லை வகுப்பதற்கு முன்னரே ஆறும் மேடும் இவ்வூரை இரண்டாகப் பகுத்துவிட்டன. இன்றைய ஆவணங்களிலுள்ள நன்செய், புன்செய் என்னும் பாகுபாட்டின் வேர் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

அச்செம்மண் மேட்டிலேதான் புகழ்பெற்ற கல்மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனப் புவியியலார் கணிக்கும் அடிமரங்கள் இவை. பெரும்பாலானவை வேரும் கிளையுமின்றிக் கிடையாகவே காணப்படுவதால், பெருவெள்ளம் இவற்றை வேறிடத்திலிருந்து அடித்துவந்து மணலில் புதைத்தது எனக் கருதுகின்றனர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலார் சொன்னரா இவற்றைப் பற்றி எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பேணி வருகிறது.

திணையும் நாடும்

திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பரப்பு பண்டு ஓய்மாநாடு எனப்பட்டது. நல்லியக்கோடன் ஆண்ட இந்நாட்டைச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. அந்நூல் காட்டும் வழியில் எயிற்பட்டினம் நெய்தலிலும், வேலூர் முல்லையிலும், ஆமூர் மருதத்திலும் அமைந்துள்ளன. எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரை உப்புவேலூரோடும் பொருத்திக் காண்பர் ஆய்வாளர். தலைநகர் கிடங்கில், இன்றும் கிடங்கல் என்ற பெயரோடு திண்டிவனம் நகருள் அடங்கியிருக்கிறது. ஒரு நாள் நடைப்பயணத்திற்குள் திணை மாறும் நாடு இது. கடலோர உப்பளத்தில் தொடங்கி மேட்டுக்காட்டைக் கடந்து நெல்வயலை அடையும் அவ்வழியில் இன்று பேருந்தில் செல்பவரும் அம்மாற்றத்தைக் காணலாம்.

திணை, வாழ்க்கையை ஒட்டிய பகுப்பு. அரசு பெருகியபோது ஆட்சியை ஒட்டிய பகுப்பு தேவைப்பட்டது. தொண்டை மண்டலம் 24 கோட்டங்களை உடையது என்பது மரபு. கோட்டத்தின் உள்ளே நாடு. நாட்டின் உள்ளே ஊர். முதலாம் இராசராசன் காலத்தில் தொண்டை மண்டலம் சயங்கொண்டசோழ மண்டலம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. மண்டலத்தின் பெயர் அரசனுக்கேற்ப மாறியபோதும் ஊரின் பெயர் மாறவில்லை. சம்பந்தர் பாடிய திருவக்கரை, செம்பியன் மாதேவியார் கற்றளித் திருப்பணி செய்தபோதும் திருவக்கரையாகவே இருந்தது.

அளந்த கோல்

சோழர்கால நில ஆவணங்கள் எல்லை கூறும் முறை வியப்புக்குரியது. கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என வலமாகச் சுற்றிவந்து, ஒவ்வோர் எல்லையிலும் வாய்க்கால், புற்று, மரம், பிறர் வயல் எனக் கண்ணிற்படும் ஒன்றைக் குறித்துச் செல்லும். ஆனைமங்கலச் செப்பேடு போன்றவற்றில், பெண்யானையை நடத்தி எல்லை சுற்றும் சடங்கும் பதிவாகியுள்ளது. சிவன் கோயில் நிலத்திற்குச் சூலக்கல்லும் திருமால் கோயில் நிலத்திற்குத் திருவாழிக்கல்லும் நட்டனர். எழுத்தறியாத உழவரும் அக்குறியைக் கண்டு நிலம் யாருடையது என அறிந்துகொண்டனர்.

இராசராசன் ஏறத்தாழ கி.பி. 1001இல் நாடளந்தான். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. முந்திரியையும் முந்நூற்று இருபதாகப் பகுத்தால் கிடைப்பது கீழ்முந்திரி. ஆறரை ஏக்கர் கொண்ட வேலியில் அது ஓராள் நிற்கும் இடத்திற்கு மேல் வாராது. அத்துணை நுட்பமாக எழுதியதன் நோக்கம் வரிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

திருவக்கரை வட்டாரத்தில் மக்கள் நாவில் இன்றும் வழங்குவன குழியும் காணியும். புதுச்சேரிப் பகுதிக் கணக்கில் 24 அடி நீளமும் 24 அடி அகலமும் கொண்ட சதுரம், அதாவது 576 சதுர அடி, ஒரு குழி. நூறு குழி ஒரு காணி; அஃது 1.32 ஏக்கருக்குச் சமம். வேலியின் சிறு பின்னமாகிய காணி, இவ்வட்டாரத்தில் முழு அளவாகிவிட்டது. காணி என்னும் சொல்லுக்கு வழிவழியாக வரும் நிலவுரிமை என்றும் பொருளுண்டு. பின்னம், அளவு, உரிமை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கியோர் நிலத்தோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருப்பர்!

தெரிந்து தெளிவோம்

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், ஊரின் மொத்த நிலத்தைக் கூறியபின் வரிக்கு உட்படாத நிலங்களை நீக்கிக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரி, சுடுகாடு ஆகியன அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. நத்தமும் சேரியும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பது அக்காலச் சமூகப் பிரிவினைக்கும் சான்றாகும்.

எண்ணாகிய நிலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலம் தென்னார்க்காடு மாவட்டத்திற்குள் வந்தது. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த ஊர்கள் அருகிலேயே தீவுகளைப்போலச் சிதறிக் கிடந்தன. 1954இல் அவ்வாட்சி அகன்று, 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்ற பின்னும் அவ்வெல்லை மாநில எல்லையாக நீடிக்கிறது. திருவக்கரையிலிருந்து மண்ணாடிப்பட்டுப் பக்கம் செல்வோர் இன்றும் அதைக் கடக்கின்றனர். ஆறு மட்டும் எல்லை பார்ப்பதில்லை. வீடூர் அணையின் நீர் தமிழ்நாட்டு வயலுக்கும் புதுச்சேரி வயலுக்கும் பாய்கிறது.

இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலும் தனித்தனியே அளக்கப்பட்டுப் புல எண் பெற்றது. 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டம் அம்முறையை உறுதிப்படுத்தியது. உழவர் தம் வயலுக்குத் தாமே சான்று காட்ட முடிந்தது. இது பெரும் பயன். ஆயினும் ஓர் இழப்பும் நேர்ந்தது. பனைமரத்துக் கொல்லை, ஓடைக்கழனி என்றாற்போன்ற புலப்பெயர்கள் வரைபடத்தில் இடம்பெறவில்லை. 1824 முதல் அயர்லாந்தை அளந்த ஆங்கிலேயர், அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகளின் பெயர்களையும் திரட்டினர். ஐரிசு மொழியறிஞர் ஜான் ஓடனவன் மக்களிடம் கேட்டு அவற்றைப் பதிவு செய்தார். ஆங்கில எழுத்தில் பல பெயர்கள் சிதைந்தாலும் வரைபடத்தில் அவை எஞ்சின. நம் புலப்பெயர்களைப் பழைய கிரயப் பத்திரங்களிலும் முதியோர் பேச்சிலுமே தேட வேண்டியுள்ளது.

பெயரினும் பெரிய இழப்பு வேறொன்று. வரிக்கணக்கின் புறத்தே நின்ற நிலம் புறம்போக்கு எனப்பட்டது. ஏரி, ஓடை, மேய்க்கால், களம், சுடுகாடு எல்லாம் அதனுள் அடங்கும். சோழர் கல்வெட்டு நீக்கி எழுதிய பட்டியலும் இதுவும் பெரிதும் ஒன்றே. ஊரார் அனைவருக்கும் உரிய இந்நிலத்தை யாருக்கும் உரித்தல்லாத நிலமாகக் கருதத் தொடங்கியபோது, ஓடை தூர்ந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. அச்சொல்லே வசைச்சொல்லாகிவிட்டது என்பதை மாணவர் நன்கறிவர்.

கல்மரப் பூங்காவும் ஒரே பரப்பாக இல்லை. 247 ஏக்கர் ஒன்பது துண்டுகளாகப் பிரிந்துள்ளது. வேலியிட்ட துண்டினுள் மரம் காப்புப் பெறுகிறது. வட்டாரத்திலோ கருங்கல் குவாரிகளும் கல்லுடைக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. வேலிக்கு வெளியே உழவுசாலில் தட்டுப்படும் கல்மரத் துண்டுக்கும் அதே இரண்டு கோடி ஆண்டு அகவைதான்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முதியோர் வழங்கும் வயல், ஓடை, மேடு ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டி, அவற்றின் புல எண்களோடு அட்டவணைப்படுத்துக.

2. உங்கள் ஊரின் புறம்போக்கு நிலம் ஒன்று முன்னர் எதற்குப் பயன்பட்டது, இன்று எவ்வாறு உள்ளது என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் உரையாற்றுக.